மேடையைக் கழற்றிய பிறகு

2023 மே மாதம், நீலகிரி மலையில் கோத்தகிரி. நாங்கள் நடத்திய முதல் பழங்குடி விழாவுக்கு வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம். கோத்தர் இசைக்குழுவுக்கு மேடையில் 12 நிமிடம் ஒதுக்கியிருந்தேன். வந்ததும் அவர்கள் முதலில் கேட்டது மைக் இல்லை, விறகு. பறைத் தோலை நெருப்பில் காட்டினால்தான் ஓசை எழும். எங்கள் ஊர்க் குளிரில் மே மாதத்திலும் தோல் தொய்ந்துவிடும். மண்டபத்துக்காரரோ வளாகத்தில் நெருப்பு மூட்டவே கூடாது என்றார். நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நான் ஓடினேன். கடைசியில் ரோட்டோரமாகப் பழைய அட்டைப்பெட்டிகளைக் கொளுத்திப் பறை காய்ச்சினார்கள். அதற்குள் அடுத்த குழுவின் நேரமும் போய்விட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த டிராவல் ஏஜென்ட்கள் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பறைக்கு நெருப்பு வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாரிடமும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எங்களுடையது ஆறு அறைகள் கொண்ட ஹோம்ஸ்டே. சொந்த ஊர் காரமடைப் பக்கம். மலையேறி வந்து 14 வருடம் ஆகிறது. வருகிற விருந்தாளிகளில் பெரும்பாலானோர் ஊட்டி ஏரி, தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா என்று ஒரே பாதையில் போய்விட்டு, தேயிலைத்தூளும் வர்க்கியும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த தொல்குடிகள் என்று அரசு பட்டியலிட்டிருக்கும் ஆறு இனங்களும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் அனைவரும், இந்த ஒரே மாவட்டத்தில் வாழ்கிறார்கள். அது எங்கள் விருந்தாளிகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "தோடர் வீட்டைப் பார்த்தோம், போட்டோ எடுத்தோம்" என்பதோடு சரி. அரைவட்டக் கூரையும், குனிந்து தவழ்ந்து நுழைகிற குட்டி வாசலும் கொண்ட அந்த வீட்டின் முன்னால் ஒரு செல்ஃபி. அந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

இதை மாற்றலாமே என்று தோன்றியது. ஏஜென்ட்களையும் பயணம் பற்றி எழுதுகிறவர்களையும் அழைத்து, இந்த மக்களின் இசை, கைவேலை, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டினால், அப்புறம் அவர்கள் அனுப்பும் பயணிகளால் ஊருக்குள் நேரடியாகப் பணம் வரும் என்று கணக்குப் போட்டேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தார்கள்.

என் மண்டைக்குள் இருந்த மாதிரி நாகாலாந்தின் ஹார்ன்பில் திருவிழா. 2022 டிசம்பரில் அங்கே போயிருந்தேன். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய விழா. இப்போது டிசம்பர் 1 முதல் 10 வரை, கோஹிமாவுக்குப் பக்கத்தில் கிசாமா என்ற இடத்தில் நடக்கிறது. டிசம்பர் 1 அந்த மாநிலம் உருவான நாளும்கூட. நடுவில் பெரிய அரங்கு. ஒவ்வொரு நாகா இனமும் வரிசையாக வந்து ஆடிவிட்டுப் போகும். நான் அந்த அரங்கை வீடியோ எடுத்தேன், ஊருக்கு வந்து எல்லோருக்கும் காட்டினேன், அதையே சின்னதாகச் செய்யலாம் என்றேன். ஆனால் அங்கே நான் அதிக நேரம் இருந்தது அரங்கில் இல்லை. சரிவில் ஒவ்வொரு இனத்துக்கும் தனியாக ஒரு மோருங் கட்டியிருப்பார்கள். மோருங் என்பது அந்தக் காலத்தில் ஊர் இளைஞர்கள் தங்கிப் பழகிய பொதுவீடு. அதற்குள் அடுப்பு எரியும். மேலே இறைச்சி புகையில் தொங்கும். யாராவது ஒருவர் மூங்கில் குவளையை நீட்டி உட்காரச் சொல்வார். அந்தப் பத்து நாளில் எனக்கு ஞாபகம் இருக்கும் முகங்கள் எல்லாம் அந்த அடுப்போரத்து முகங்கள்தான். இருந்தும் அங்கிருந்து நான் கோத்தகிரிக்குக் கொண்டுவந்தது மேடையை.

முதல் வருடம் செய்த தவறுகளில் பெரியது தேதி. மே மாதம் சீசன், கூட்டம் இருக்கும், அதனால் விழாவுக்கும் அதுதான் நல்லது என்று முடிவெடுத்தோம். ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று மாவட்டமே திருவிழாவில் இருக்கும் மாதம். விளைவு, மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறிய எங்கள் விருந்தினர் பஸ் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றது. அதைவிடப் பெரிய கூத்து குறும்பர் பக்கம் நடந்தது. ஓவியம் காட்டவும் தேன் எடுக்கும் முறையைச் சொல்லவும் ஆறு பேர் வருவதாக இருந்தது. வந்தது இரண்டு பேர். ஏன் என்று கேட்டபோது ஒருவர் சிரித்தார். "தேன் சீசன்ல கூப்பிட்டா தேனெடுக்கிறவன் எப்படி வருவான் அண்ணா?" மலைத்தேன் எடுப்பது ஏப்ரல் முதல் ஜூன் வரைதான். பாறைக் கூட்டுக்குக் கயிற்றில் இறங்குகிறவனுக்கு மேலே கயிற்றைப் பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தங்கச்சி தாலி அறுக்க அண்ணன்காரன் விடமாட்டான் இல்லையா. அப்படிப்பட்ட மச்சான்கள் எல்லாம் பாறை விளிம்பில் கயிறு பிடித்துக்கொண்டிருந்த வாரத்தில், அவர்கள் வேலையைப் பற்றி நான் மண்டபத்தில் பவர்பாயிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒரு பெரிய காலண்டர் வாங்கி, ஒவ்வொரு ஊராகப் போய் "எப்போ எல்லாம் உங்களால வர முடியாது?" என்று மட்டும் கேட்டேன். டிசம்பர் கடைசியில் இருந்து ஜனவரி முழுக்கக் கிட்டத்தட்ட அடைபட்டுப்போனது. தோடர்களின் மொற்பர்த் பண்டிகை, கோத்தர்களின் அய்யனோர் அம்மனோர் திருவிழா, படகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா எல்லாம் அந்தப் பருவத்தில்தான். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. எங்கள் கிழக்குச் சரிவில் மண் சரிந்தால் ரோடே இருக்காது. மார்ச்சில் காடு காய்ந்து தீப்பிடிக்கிற பயம். மிஞ்சியது பிப்ரவரி. ஹோட்டல்காரர்கள் அது செத்த மாதம் என்று உதட்டைப் பிதுக்கினார்கள். எங்களுக்கு அதுவே வசதியாகப் போனது: அறை வாடகை குறைவு, ஜீப் கிடைக்கும், ஏஜென்ட்களுக்கும் வேலை இருக்காது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு, வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். மே மாதத்தைக் கைவிட்டது எவ்வளவு நல்லது என்று அப்போது புரிந்தது.

இரண்டாவது பெரிய தவறு, எதைக் காட்டலாம் என்று நானே முடிவு செய்தது. அந்த மண்டபத்தில் கோத்தர் குழு ஒருவழியாக வாசித்து முடித்ததும் சென்னையில் இருந்து வந்திருந்த ஒருவர், முன்பு ஏதோ வீடியோவில் கேட்ட சோகமான ஒரு இசையை வாசிக்கச் சொன்னார். நானும் மைக்கில் "ப்ளீஸ், ஒரு ரெண்டு நிமிஷம்" என்றேன். கொள் என்ற ஊதுகுழலை ஊதுகிற பெரியவர் அதைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வந்த பிறகு என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "தம்பி, அது சாவுக்கு வாசிக்கிறது. யாரும் சாகாதப்ப அதை வாசிக்கக் கூடாது. யாரைச் சாகச் சொல்றே?"

கோத்தர் இசையில் சாமிக்கு உரியது, சாவுக்கு உரியது, ஆட்டத்துக்கு உரியது என்று தனித்தனியாக உண்டு. ஆட்டத்துக்கு உரியதை எங்கே வேண்டுமானாலும் வாசிக்கலாம். மற்றது அப்படி இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் எல்லாவற்றையும் 'ஐட்டம்' என்றே எழுதி வைத்திருந்தேன். தோடர் பக்கமும் இதே கதை. பெரியவர்களிடம் ஆசி வாங்க இளையவர் மண்டியிட, அவர் பாதத்தைத் தூக்கி இவர் நெற்றியில் வைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. பாசத்தோடு செய்வது. அதை மேடையில் 'செய்து காட்ட' முடியுமா என்று கேட்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

மூன்றாவது தவறு காசு சம்பந்தப்பட்டது. அதனால் ரொம்ப நாள் வலித்தது. தோடர் பெண்கள் நாலு பேர் பூத்துக்குளி சால்வைகளும் பைகளும் கொண்டுவந்தார்கள். தடித்த வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் இழைகளை எண்ணி எண்ணிப் போடும் எம்பிராய்டரி. அச்சும் கிடையாது, வரைந்துகொள்வதும் கிடையாது, எல்லாம் கணக்கு. 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் மைக்கைப் பிடித்து, "இவர்கள் கையால் நெய்யும் இந்தச் சால்வை..." என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் இருந்த பாட்டி சத்தமாகக் குறுக்கிட்டார். "நெய்யறதில்ல தம்பி. துணி கடையில வாங்கறது. பூ போடறதுதான் நாங்க." சபை சிரித்தது. சரி, அது பரவாயில்லை. அதற்கப்புறம் நான் செய்ததுதான் மோசம். ஏஜென்ட்களுக்கு 'அறிமுக விலை' என்று 20 சதவீதம் குறைக்கச் சொன்னேன். அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சரி என்றார்கள். 9 சால்வை விற்றது. நான் குதூகலமாக இருந்தேன். அடுத்த கூட்டத்துக்கு அவர்களில் ஒருவர்கூட வரவில்லை.

நாலு மாதம் கழித்து அவர்கள் மந்துக்கே, அதாவது தோடர் குடியிருப்புக்கே, போய்க் கேட்டபோது பாட்டியின் பேத்தி விளக்கினார். ஊட்டியில் எம்.ஏ. முடித்த பெண். வீட்டு வேலைக்கு இடையில் பெரிய சால்வை ஒன்று முடிக்க இரண்டு மாதம் ஆகுமாம். "கடைத்தெருவுல தோடா டிசைன்னு மெஷின்ல அடிச்ச சால்வையை நாலுல ஒரு பங்கு விலைக்கு விக்கிறாங்க அண்ணா. நாங்க விலையை இறக்கினா, அதுவும் இதுவும் ஒண்ணுன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி." எனக்குப் பதில் இல்லை. அந்த 20 சதவீதத்தை என் கையிலிருந்து கொடுத்தேன். பாட்டி வாங்கிக்கொள்ளவில்லை, பேத்தி வாங்கிக்கொண்டார். அந்தப் பெண்தான் அடுத்த வருடம் எங்கள் விழாவைக் காப்பாற்றியவர்.

அவர் சொன்ன முதல் யோசனை மேடையைக் கழற்றுவது. இரண்டாவது, மைக்கை என்னிடமிருந்து பிடுங்குவது. அந்த இரண்டாவதை அவர் இதைவிட நாசூக்காகத்தான் சொன்னார்.

2024 பிப்ரவரியில் மண்டபம் வேண்டாம் என்று ஒரு நண்பரின் தேயிலைத் தோட்டத்துக் களத்தில் நடத்தினோம். நாலு தார்ப்பாய்க் குடில்கள், ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர். விருந்தினர் 32 பேர் மட்டும், எட்டெட்டுப் பேராகப் பிரித்து ஒரு குடிலில் 45 நிமிடம். உள்ளே என்ன நடக்கும் என்பதை அந்தக் குடில்காரர்கள்தான் முடிவு செய்வார்கள். நான் கேட்கவும் மாட்டேன். ஒவ்வொரு குடிலிலும் அவர்கள் தங்கள் மொழியில் பேச, அந்தச் சமூகத்துப் பிள்ளை ஒருவரே தமிழில் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டோம். இதில் எனக்குத் தெரியாமல் நடந்த நல்லது ஒன்று. கோத்தர் மொழியைக் கேட்டுக்கொண்டிருந்த மதுரைக்காரர் ஒருவர், நடுவில் தமிழ்ச் சொல் மாதிரி ஏதோ காதில் விழ, "இதுக்கு இதானே அர்த்தம்?" என்று கேட்க ஆரம்பித்தார். பாதி தப்பு. ஆனால் அந்த 45 நிமிடமும் சிரிப்பும் திருத்தமுமாக ஓடியது. நான் மைக்கில் பேசியிருந்தால் இது நடந்திருக்குமா!

குறும்பர் குடிலில் காட்டியது ஓவியம். வெள்ளரிக்கொம்பை பக்கம் எழுத்துப்பாறை என்று பழைய பாறை ஓவியங்கள் உள்ள இடம் இருக்கிறது. அந்தக் கைவழியில் வரும் வேலை. வேங்கை மரத்துப் பிசினில் ஒரு நிறம், இலைச்சாற்றில் ஒரு நிறம், மண்ணில் ஒரு நிறம். வரைந்து முடித்ததை விற்பதைவிட, விருந்தாளிகளின் கையில் பிசினைக் கொடுத்து ஒரு தேன்கூடு வரையவிட்டது அதிகம் எடுபட்டது. அன்றைக்கு அங்கே விற்ற ஓவியங்கள் முதல் வருடத்தைவிட மூன்று மடங்கு. வாங்கியவர்கள் எல்லோரும் தானே ஒரு கோட்டைக்கூட நேராக இழுக்க முடியாமல் போனவர்கள். விலை குறைக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

போட்டோ விஷயத்தில் பேத்தி ஒரு விதி போட்டார்: முதல் அரைமணி நேரம் செல்போன் எல்லாம் வாசலில் ஒரு கூடையில். அப்புறம் எடுக்கலாமா என்று குடில்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். ஏஜென்ட்கள் முணுமுணுத்தார்கள். படமில்லாமல் எப்படி விளம்பரம் செய்வது என்றார்கள். நியாயம்தான். அதனால் ஊர்ப் பையன்கள் இரண்டு பேரையே போட்டோ எடுக்க வைத்தோம். எந்தப் படம் வெளியே போகலாம் என்பதை அன்று மாலையே அடுப்போரத்தில் எல்லோரும் பார்த்து முடிவு செய்தார்கள். 200 படத்தில் 46 தேறியது. விளம்பரத்துக்கு அது தாராளம்.

எல்லாம் சரியாகப் போனது என்று சொல்லவரவில்லை. இரண்டாம் நாள் காலை ஐந்து மணிக்கு போன். ஒரு மந்தில் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். தோடர் பக்கத்தில் யாரும் வர முடியாது, உறவு என்று பார்த்தால் எல்லோரும் உறவு. எண்ணிக்கையில் இரண்டாயிரம் பேர் அளவில் மட்டுமே இருக்கிற இனம் அது. குடில் காலியாகக் கிடந்தது. ஒரு விருந்தினர் காசைத் திருப்பிக் கேட்டார். முதல் வருடத்து நானாக இருந்தால் பதறிப்போய்க் கொடுத்திருப்பேன். இப்போது அழைப்பிதழிலேயே எழுதுகிறோம்: ஊரில் துக்கம் நேர்ந்தால் அந்தக் குடில் இருக்காது, அதற்காகக் கட்டணம் குறையாது. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல விருந்தாளிகளாக இருக்கிறார்கள்.

விழா நடத்த நினைக்கிற நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது பணக் கணக்கு. சொல்கிறேன். ஒருவருக்கு இரண்டு நாளுக்கு 4,500 ரூபாய் வாங்கினோம், 32 பேர், மொத்தம் 1,44,000. அதில் 80,000 நாலு குடில்களுக்கும் சமமாக, விழாவுக்கு ஒரு வாரம் முன்பே, பணமாக. முன்பே என்பது முக்கியம். தோட்டத்தில் தேயிலை பறிக்கப் போகிறவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஒத்திகைக்கும் பேச்சுவார்த்தைக்கும் வந்துபோயிருப்பார். விழா முடிந்து, கணக்கு முடித்து, காசோலை எழுதி என்று இழுத்தால் அடுத்த முறை வரமாட்டார். மீதி ஜீப், அரிசி, சாமை, விறகு, தார்ப்பாய் வாடகைக்குப் போய், என் கையிலிருந்து 6,200 ரூபாய் போட்டேன். பொருள் விற்ற பணத்தில் நாங்கள் கை வைக்கவே இல்லை. அரசு உதவி கேட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் நான் கேள்விப்பட்டவரை அதற்கு மேடையும் மாலையும் பேனரும் தேவைப்படும் போலிருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவரத் தடை. விருந்தினர் 32 பேரில் 19 பேர் கொண்டுவந்து சோதனைச்சாவடியில் மாட்டினார்கள். கையோடு ஸ்டீல் குவளை கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஏஜென்ட்கள். 11 பேர் வந்ததில் மூன்று பேர் இன்றுவரை ஆட்களை அனுப்புகிறார்கள், சின்னச் சின்னக் குழுவாக, முன்கூட்டியே கேட்டு. அதுவே போதும். நாலாவதாக ஒருவர், ஊருக்குத் திரும்பியதும் 'ஆதிவாசிகளை அருகில் பார்க்கலாம்' என்று விளம்பரம் போட்டார். பக்கத்தில் ஒரு ஜீப் படம், மிருகக்காட்சிச் சாலைக்குப் போவது போல. அந்தமானில் ஜாரவா மக்களைச் சுற்றுலா வண்டிகளின் முன்னால் ஆட வைத்த வீடியோ 2012-இல் வெளியாகி நாடே தலைகுனிந்தது ஞாபகம் இருக்கலாம். அந்த விளம்பரத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டோம், எடுத்தார். ஆனால் அவருக்கு என்ன தப்பு என்று கடைசிவரை புரியவில்லை. நல்ல மனுஷன்தான். கடை வைத்திருக்கிறவருக்கு எல்லாமே சரக்காகத் தெரியும். எனக்கும் ஒரு வருடம் முன்பு அப்படித்தான் தெரிந்தது, அதனால் அவர்மேல் ரொம்பக் கோபப்பட முடியவில்லை.

2025 பிப்ரவரியில் மூன்றாவது தடவை. மந்தில் துக்கம் எதுவும் இல்லை, மழையும் இல்லை. தோடர் ஆண்கள் கைகோத்து வட்டமாக நின்று, தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே மெல்ல அடியெடுத்து வைத்துச் சுற்றினார்கள். விருந்தினரில் இரண்டு பேரை அவர்களே இழுத்து வட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஓரமாக நின்று சாமைச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, கொள் ஊதுகிற அந்தப் பெரியவர் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். அடுத்த வருடம் இந்தத் தோட்டத்தில் வேண்டாம், எங்கள் கோக்கால் (கோத்தர் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்) பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், ஊரில் பேசிவிட்டோம் என்றார். யார் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். நான் எத்தனை பேரைக் கூட்டி வரலாம் என்று கேட்டேன்.

"பத்துப் பேர். நல்லா சாப்பிடறவங்களா பார்த்துக் கூட்டியா." அப்புறம் யோசித்துவிட்டு, "நாற்காலி ஒரு 40 வேணும் தம்பி. அண்டா ரெண்டு. உன்கிட்ட இருக்குல்ல?" என்றார்.

இருக்கிறது என்றேன். ஒரு அண்டாவுக்கு மட்டும் ஈயம் பூச வேண்டும்.